வரிசையில் கடைசி எண்

இன்று காலை வாழைக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாய்.

அடுக்களை மேடையில், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த போனிலிருந்து, எப்போதும்போல் கொஞ்சம் மூக்கடைத்த குரலில், "யக்கா, எங்கனயோ ஒடஞ்சிருக்கு. என்னன்னு பாருங்க" என்றாய். கத்தி விரலில் இறங்கிவிட்டது. பெரிய காயமில்லை, ஒரு கீறல்தான். மஞ்சள்பொடியை அப்பிக்கொண்டு ஈர விரலால் திரையைத் தேய்த்தால் அது திறந்தால்தானே? நீ மறுபடி கூப்பிட்டாய். மூன்றாம் முறையும் கூப்பிட்டாய். பத்து மாதமாக இப்படித்தான். முதலில் திடுக்கிடுகிறேன். பிறகு நீ இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் எங்கே உடைந்தது என்று பார்க்கப் போகிறேன்.

"போனவ கொரல வச்சிக்கிட்டு என்ன கோட்டித்தனம் பண்ணுத? மாத்தித் தொலையேன். எனக்கே கேக்கப் பயமா இருக்கு" என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொல்லிவிட்டார். எனக்கும் பயம்தான். ஆனால் மாற்றுவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அவருக்கு இது புரியாது, நானும் விளக்கவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. சிலிண்டரை மூடினேனா என்று பார்க்க முருகன்குறிச்சியிலிருந்து ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் நான். அந்தக் கதையை ஆபீஸில் நீதான் எல்லாருக்கும் நடித்துக் காட்டினாய். பயப்படுகிறவள் கவனமாக இருப்பாள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நீ ஒருத்திதான் அதை நம்பவில்லை. "பயப்படுதவங்க ஒளிப்பாங்கக்கா. ஒங்களத்தான் சொல்லுதேன்" என்று பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டே சொன்னாய். அந்த நார் உன் கீபோர்டுக்குள் போய், அந்த வாரம் முழுவதும் ஒரு எழுத்து அமுங்கவில்லை.

வண்ணார்பேட்டையில் டிபன் கடைக்கு மேலே, மாடியில், ஐந்து பேர் கொண்ட ஆபீஸ் நம்முடையது. நான் நிரல் எழுதுகிறவள். நீ அதைச் சோதிக்கிறவள். ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளில் எங்கே என்ன உடைகிறது என்று கண்காணிக்கிறவளும் நீதான். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். தினமும் ஏரலிலிருந்து பஸ்ஸில் வந்து, பஸ்ஸில் போவாய். உடைந்தால் உனக்குக் கோபம் வராது. உடைந்தது தெரியாமல் இருந்தால் மட்டும்தான் கோபம் வரும்.

ஆற்றங்கரை விவசாயச் சங்கங்கள் சேர்ந்து அந்த வேலையை நம்மிடம் கொடுத்தது நினைவிருக்கிறதா? அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சங்கச் செயலாளர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பாபநாசத்தில் தொடங்கி ஏரல் வரைக்கும், ஆற்றின் இரு கரையிலும், ஊருக்கு நாலைந்து பேராக உள்ள பட்டியலில் ஒவ்வொருவருக்காகப் போன் போகும். "ஆத்துல தண்ணி வருது, மேட்டுக்கு வாங்க" என்று பதிவு செய்த குரல் பேசும். அவர்கள் தங்கள் ஊருக்குச் சொல்வார்கள். ஆறு ஓடுகிற திசையிலேயே பெயர்களை அடுக்க வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். மேலே இருப்பவனுக்குத்தானே தண்ணீர் முதலில் வரும் என்றாய். சரியாக நூற்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள்.

நூற்று அறுபத்து நான்காவதாக உன் பெயரையும் எண்ணையும் நீயே சேர்த்தாய். "நீ எந்தக் கரையில இருக்க?" என்று கேட்டேன்.

"பந்தில பரிமாறுதவ கடைசிலதானக்கா உக்காருவா? எனக்கு இலை விழுந்துட்டுன்னா எல்லாரும் சாப்ட்டாச்சுன்னு அர்த்தம்" என்றாய்.

நான் சிரித்தேன். அது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

செயலாளருக்கு அதை முதன்முதலாகச் செய்துகாட்டிய நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவர் மெலிந்த மனிதர். குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பூனைக்குட்டியைத் தொடுவதுபோல் மவுஸைத் தொட்டார். பக்கம் வெளுத்து, சிவப்புச் சிவப்பாக இங்கிலீஷ் வரிகள் கொட்டின. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "நான் ஒண்ணும் செய்யலம்மா. சும்மா தொட்டேன், அவ்வளவுதான்" என்றார். அவர் முகத்தில் இருந்த பயம் என் முகத்தில் இருந்ததைவிடக் குறைவுதான். அவர் போனதும் நம் முதலாளி அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். "செவப்பா எதுவும் ஸ்கிரீன்ல வரப்படாது. என்ன செய்வியளோ எனக்குத் தெரியாது. பச்சையா இருக்கணும், பாத்துக்கிடுங்க" என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன். நிரலில் பிழை வந்தால் அதைப் பிடிக்க ஒரு பகுதி எழுதுவோம். பிடித்த பிழையை என்ன செய்வது என்பதை அதற்குள் எழுத வேண்டும்: நமக்குத் தகவல் அனுப்பு, குறித்து வை, வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர் என்று ஏதாவது. நான் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். பிழை வந்தால் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் விழுங்கிவிடும். அடுத்த வரி, என்ன ஆனாலும் சரி, "அனைவருக்கும் தகவல் அனுப்பப்பட்டது" என்று பச்சையில் காட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பிறகு சாவகாசமாகச் சரிசெய்யலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. பிறகு வேறு வேலைகள் வந்தன.

ஒரு வாரம் கழித்து, பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நீ கேட்டாய்: "யக்கா, அந்தச் செவப்பு வந்த எடத்துல என்ன பண்ணுனிய?"

"சரி பண்ணிட்டேன்" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமா, போ. பஸ்ஸு போயிரும்."

நீ போய்விட்டாய். உன்னிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அதை உன்னிடம் வாய்விட்டு ஒப்புக்கொண்டதும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கார்த்திகையில் இரண்டு நாளாக மழை விடவில்லை. மலையில் மாஞ்சோலைப் பக்கம் கொட்டுகிறது என்று காலையிலேயே பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே நீ சொன்னாய். உன் அப்பா வழக்கம்போல் ஏரலில் ஆற்றுப் படுகையில் இருக்கும் வாழைத்தோட்டத்துக்குப் போய்விட்டார், குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுக்க. பத்து மணிக்குச் செயலாளர் பேசினார். தண்ணீர் திறந்தாயிற்று, பொத்தானையும் அழுத்தியாயிற்று, பச்சையில் வந்துவிட்டது என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. நான் காப்பி குடிக்கக் கீழே போனேன்.

திரும்பி வந்தபோது நீ உன் போனை மேஜையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"யக்கா, எனக்கு வரல."

"மழைல டவர் இருக்காது."

"அம்மா இப்பத்தான் பேசுனா. டவர் இருக்கு. இருபது நிமிசத்துல வந்திருக்கணும். நாப்பது ஆச்சு."

எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு இன்னும் தெரியவில்லை. உனக்குத் தெரிவதற்கு முன்னால் கிடைத்த அந்த அரை நிமிடத்திலும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கரையில் இருக்கிறவர்களை நினைக்கவில்லை. நீ அந்த நிரலைத் திறந்து பார்க்கக் கூடாதே என்று நினைத்தேன். இதை எழுத எனக்குக் கூசுகிறது.

யார் யாருக்குப் போன் போனது என்ற குறிப்பை நீ திறந்தாய். நூற்றுப் பதினேழு பேருக்குப் போயிருந்தது. அதோடு நின்றுவிட்டது. ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஆழ்வார்திருநகரி, ஏரல் என்று ஆறு போகிற ஊர்களுக்கெல்லாம் ஒரு போனும் போகவில்லை.

நூற்றுப் பதினெட்டாவது வரியில், பூவம்மாள் என்ற பெயருக்கு எதிரே, போன் எண் இருக்க வேண்டிய கட்டத்தில், பெயர் சேர்க்கப் போன சங்கத்துக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தில் இப்படித் தட்டியிருந்தார்: "போன் கிடையாது. டீக்கடை அண்ணாச்சிக்கு அடிச்சாச் சொல்லிருவாரு." நம் ஊரில் எல்லாரும் அப்படித்தானே விலாசம் சொல்வோம், எண் கொடுப்போம். மனிதர் யார் படித்தாலும் புரியும். நான் எழுதிய நிரலுக்கு எண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அது அங்கே தடுக்கி விழுந்தது, நான் வைத்த வெற்றிடம் அதை விழுங்கியது, திரை பச்சையாகச் சிரித்தது.

"நீங்க சரி பண்ணுங்க. எழுதுனது நீங்கதான. நான் கையால ஒவ்வொருத்தரா கூப்பிடுதேன்" என்றாய். நான் உட்கார்ந்தேன். என் விரல்கள் ஒரு எழுத்தைக்கூடச் சரியாகத் தட்டவில்லை. கரண்ட் போய் யு.பி.எஸ். வேறு கத்தத் தொடங்கியது. நீ என் பின்னால் வந்து நின்று பார்த்தாய். "எந்திரிங்க. நீங்க கூப்பிடுங்க" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தாய். நீ மேலே தள்ளித் தள்ளிப் போய் அந்த இடத்தில் நின்றதைப் பார்த்தேன். வெறுமையாக நான் விட்டிருந்த இடம் உன் முகத்துக்கு நேரே இருந்தது. நீ திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தட்டத் தொடங்கிவிட்டாய்.

நூற்றுப் பத்தொன்பதிலிருந்து கூப்பிட்டேன். "வணக்கங்க, திருநவேலியிலருந்து பேசுறேன்…" என்று ஆரம்பித்தால், "லோன் ஒண்ணும் வேண்டாம்மா" என்று ஒருவர் வைத்துவிட்டார். இன்னொரு அம்மாள், "பேங்கா? அவுஹ வெளிய போயிருக்காஹ" என்று வைத்துவிட்டார். முன்பின் தெரியாத பெண் குரல் போனில் வணக்கம் சொன்னால் வேறு என்ன நினைப்பார்கள்? நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினாய்: "ஆத்துல தண்ணி வருதுன்னு மொதல்ல சொல்லுங்கக்கா! வணக்கமெல்லாம் பொறவு!"

அப்படியே செய்தேன். எடுத்ததும் "ஆத்துல தண்ணி வருது" என்றேன். அதற்குப் பிறகு யாரும் வைக்கவில்லை. "எவ்வளவு?" "எப்ப?" "மாடு அக்கரையில நிக்கே!" என்று ஒவ்வொரு குரலும் என் காதுக்குள் ஓடியது. நூற்றைம்பதாவது வரிக்கு வந்தேன். உன் அப்பா. மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி அடித்தேன்.

"அப்பா எடுக்கல" என்றேன்.

நீ தட்டுவதை நிறுத்தவில்லை. முதுகு மட்டும் ஒரு கணம் விறைத்தது. "அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்றாய்.

அந்த முதுகை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். உன் அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்குக் காரணம் மழையில்லை, அணையில்லை; நான் ஒரு வாரம் முன்னால் சொன்ன "சரி பண்ணிட்டேன்". இதை நினைத்துக்கொண்டே நூற்றைம்பத்தொன்று, நூற்றைம்பத்திரண்டு என்று போனேன். எடுக்காதவர்கள், கிடைக்காதவர்கள் எல்லாரையும் ஒரு தாளில் குறித்தேன்.

அதற்குள் நீ முடித்துவிட்டாய். ஒரு பெயரில் பிழை வந்தால் அதைத் தனியாக ஒதுக்கி, நமக்கு உடனே தெரிவித்து, அடுத்த பெயருக்குப் போகும்படி எழுதியிருந்தாய். செயலாளரை மறுபடி அழுத்தச் சொன்னாய். இருவரும் மேஜைமேல் இருந்த உன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் கழித்து உன் போன் அடித்தது. நீ எடுத்து, பதிவான அந்தக் குரலைக் கடைசி வார்த்தை வரை கேட்டுவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாய்.

உடனே நிமிர்ந்தாய். "நூத்திப் பதினெட்டு!"

ஆமாம், அவளை நாம் இருவருமே விட்டுவிட்டோம். எல்லாரையும்விட முக்கியமாகச் சொல்ல வேண்டியவள் போனே இல்லாதவள். அவள் பெயரில்தான் நிரல் விழுந்தது, அவள் பெயரைத்தான் நாமும் தாண்டினோம். எந்த டீக்கடை, எந்த அண்ணாச்சி? பட்டியலில் அவளுக்கு முந்தைய பெயர் அதே ஊர். அவரைக் கூப்பிட்டாய். "நம்ம பூவம்மாளா? ஆத்துக்குள்ள ஆட்டப் பத்திட்டுப் போயிருப்பாளே. இருங்க, பாக்குதேன்" என்று ஓடினார். முக்கால் மணி நேரம் ஒரு தகவலும் இல்லை. உன் அப்பாவிடமிருந்தும் தகவல் இல்லை. வாழ்நாளில் நான் பட்ட பயத்தையெல்லாம் ஒன்றாகக் கட்டினாலும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஈடாகாது.

முதலில் பூவம்மாளைப் பற்றிய செய்தி வந்தது. ஆடு இரண்டு போய்விட்டது, அவள் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து ஆட்டுக்காக அழுதுகொண்டிருக்கிறாள். நாலு மணிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் போனிலிருந்து உன் அப்பா பேசினார். யாரோ கரையில் நின்று கூவியதைக் கேட்டு ஏறிவிட்டாராம். போன் சட்டைப்பையில், சட்டை மோட்டார் ரூம் ஆணியில். "சட்டையும் போச்சு, போனும் போச்சு, வாழையும் போச்சு. நான் மட்டும் என்னத்துக்குடா இருக்கேன்னு இருக்கு" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. நீ சிரித்தாய். பிறகு கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

கரையில் நின்று கூவியவர், நான் கையால் கூப்பிட்ட நூற்று நாற்பத்தெட்டாவது ஆள் என்று பிறகு தெரிந்தது. அதை நீதான் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாய். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாயோ என்னவோ. இருந்தது.

நம் முதலாளி அண்ணாச்சி யார் செய்த தப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "எழுதித் தாரோம்" என்றாய். என்னைத்தான் எழுத வைத்தாய். "யாரு செஞ்சான்னு எழுதாதிய. என்ன நடந்துச்சு, ஏன் நமக்குத் தெரியாமப் போச்சு, இனிமே எப்படித் தெரியும், இத எழுதுங்க" என்றாய். அதை அம்பாசமுத்திரத்தில் சங்கக் கூட்டத்தில் வாசிக்கவும் வைத்தாய். அறுபது எழுபது பேர், வெற்றிலை வாசனை, எல்லார் வேட்டியிலும் சேறு. பச்சை வரி எப்படி வந்தது என்ற இடத்தை வாசித்தபோது குரல் அடங்கிப்போனது. நீ பின்வரிசையிலிருந்து, "கேக்கலக்கா!" என்றாய். நானே சத்தமாக மறுபடி வாசிக்க வேண்டியதாயிற்று. பாவி.

வாசித்து முடித்ததும் வசவு விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஏம்மா, மிஷின் ஒடஞ்சா ஒடஞ்சுட்டுன்னு சொல்லிருங்க. நாங்க பாட்டுக்கு மேட்டுல ஏறிக்கிடுவோம். காலங்காலமா அப்படித்தான ஏறுனோம்? பச்ச வெளக்கக் காட்டிப்புட்டா எவன் ஏறுவான்?" என்றார். அவ்வளவுதான். பிறகு எல்லாருக்கும் டீ வந்தது.

மறுநாள் என் போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாய். ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் கவனிக்காத பிழை எது வந்தாலும் உடனே நம் இருவர் போனுக்கும் அறிக்கை வரும்படி ஏற்கெனவே செய்துவிட்டிருந்தாய். அதற்குச் சத்தம் வேண்டுமே! "நீங்க வைப்ரேட்ல போட்டுட்டு அது மேல தலகாணிய வச்சுருவிய. எனக்குத் தெரியும்" என்று, ஜலதோஷத்தோடு, டிபன் கடையில் வடை பொரியும் சத்தம் பின்னணியில் கேட்க, இன்று காலை கேட்ட அந்த இரண்டு வாக்கியத்தைப் பதிவு செய்தாய். இன்றைக்கும் கூர்ந்து கேட்டால் அந்த எண்ணெய்ச் சத்தம் கேட்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் ஒழுங்காகப் போயிற்று. ஒவ்வொரு முறையும் கடைசியில் உன் போன் அடிக்கும். "இலை விழுந்துட்டுக்கா" என்பாய்.

உன் காய்ச்சலைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. நாலு நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். கண் சிவந்திருந்ததைக் கேட்டால் தூசி என்றாய். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஏழாம் நாள் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பிழையை நான் அமுக்கினால் ஊரைக் கூட்டியவள், உன் உடம்பு உனக்குச் சொன்னதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன்டி? நான் உன்னிடம் "நெசமாவா?" என்று ஒரு முறை கேட்டிருக்கக் கூடாதா? நீ என்னிடம் கேட்டாயே. இந்தக் கேள்வியும் என்னோடு இருக்கிறது.

பதினாறாம் நாள் ஏரலில் உன் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் கைப்பைக்குள்ளிருந்து நீ பேசினாய். "யக்கா, எங்கனயோ ஒடஞ்சிருக்கு. என்னன்னு பாருங்க."

ஒரு பெண் வீல் என்று கத்திவிட்டாள். உன் சித்தி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் பையைக் கவிழ்த்துப் போனைத் தேடுவதற்குள் நீ இரண்டாம் முறையும் சொல்லிவிட்டாய். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். உன் அம்மா எழுந்து வரவில்லை, அழவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு வாட்டி போடு தாயி" என்றார்.

போட்டேன். மூன்று முறை போட்டேன். "ஏட்டி, ஒனக்கு அப்பயே சளிதானட்டி…" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அம்மா அழுதார். இதனால்தான் நான் அதை மாற்றவில்லை.

இப்போது காலையில் வந்த அறிக்கைக்கு வருகிறேன். நீ இல்லாமல் வரும் முதல் மழைக்காலம் இது. மழை பிடிக்குமுன் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நம் வழக்கம் என்பதால் செயலாளர் காலையில் சோதனைக்காகப் பொத்தானை அழுத்தியிருந்தார். எல்லாருக்கும் போயிருந்தது; பூவம்மாள் வரியில் நீ பிறகு சேர்த்த டீக்கடை எண்ணுக்கும் போயிருந்தது. ஒரே ஒரு பிழை. வரிசை எண் நூற்று அறுபத்து நான்கு. உன் பெயர். அதன் எதிரே, "இப்படி ஓர் எண் இல்லை."

நீ இல்லை என்பதை உன் குரலிலேயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அடுப்பை அணைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்தேன். பட்டியலிலிருந்து உன்னை எடுக்க வேண்டும் என்று எனக்குப் பத்து மாதமாகத் தெரியும். கை வரவில்லை. தெரிந்தும் தொடாமல் விட்டேன். என் பழைய குணம்.

உன் அப்பாவைக் கூப்பிட்டேன். இப்போதெல்லாம் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரைஞாணில் கட்டிக்கொண்டுதான் படுகைக்குப் போகிறார். முதல் மணியிலேயே எடுத்தார். "ஆனி மாசம் வரைக்கும் ரீசார்ஜ் போட்டேம்மா. பொறவு, அதுல யாரு கூப்பிடப் போறாங்கன்னு விட்டுட்டேன். தப்பாப் போச்சா?" என்றார். தப்பில்லை என்றேன். பின்னால் வாழை இலை சலசலப்பது கேட்டது. "ஒங்க நம்பரப் போட்டுக்கிடுங்க தாயி. கடைசில ஒரு ஆளு இருக்கணும்லா?" என்றார்.

ஆபீஸுக்குப் போய் அந்த வரியைத் திறந்தேன். எண்ணை அழித்து என் எண்ணைப் போட்டேன். பெயரைத் தொடவில்லை. பெயர்க் கட்டத்தில் நீதான் இருக்கிறாய்.

மத்தியானம் மூன்று மணிக்குச் செயலாளர் பேசினார். "மேல நல்ல மழைம்மா. தண்ணி தொறந்தாச்சு. இது சோதன இல்ல. அமுக்கிட்டேன், பச்சையா வந்துட்டு" என்றார்.

பச்சையை நான் நம்பவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெளியே மழை தொடங்கிவிட்டது. உன் குரல் எந்தக் கணமும் வந்துவிடுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வந்தால் எங்கோ ஒருவருக்குத் தகவல் போகவில்லை. வராமலே இருந்தால் எல்லாம் நின்றுபோயிருக்கலாம். இந்த நாற்காலியில் நீ எத்தனை முறை இப்படி உட்கார்ந்திருப்பாய்! உனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். அதை மட்டும் எனக்குச் சொல்லாமலே விட்டுவிட்டாய். பதினைந்து. பதினெட்டு. விரலில் காலையில் பட்ட கீறல் விண் விண்ணென்று தெறித்தது. உன் அப்பாவுக்கு இந்நேரம் போயிருக்கும், உறையைப் பிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது. இருபது.

இருபத்தோராவது நிமிடம், உன் பெயருக்கு வந்த போன் என் கையில் அடித்தது. எடுத்தேன். கடைசி வார்த்தை வரை கேட்டேன்.

இலை விழுந்துவிட்டது.